இன்னும் முடிவு செய்யவில்லை

முதல் பெயர் என்ன என்றது படிவம்.
எங்களுக்கு முதலில் வருவது அப்பாவின் பெயர்.
அதையே போட்டேன்.
அன்றிலிருந்து ஒஹாயோவிலிருந்து கடிதம் வருகிறது:
"அன்புள்ள தாஷ்ஸெவெக்,
எங்கள் வளாகத்து மேப்பிள் மரங்கள்
உனக்காகச் சிவந்திருக்கின்றன."
அப்பா வெந்நீர்க் குழாய்களைப் பழுது பார்ப்பவர்,
உலான்பாத்தரின் தரைக்கு அடியில் பாதி நாள் இருப்பவர்.
கையுறையைக் கழற்றாமல் நின்றபடி கேட்டார்.
"குளிர்காலம் முடியட்டும், வருகிறேன் என்று எழுது."

பத்து நாளாக ஒரு நோட்டில்
சொற்களைப் பிடித்து அடைக்கிறேன்.
ஸ்கூல் என்றால் பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம்.
காலேஜ் அதற்கு உள்ளேயும் இருக்கும், வெளியேயும் இருக்கும்.
பப்ளிக் என்றால் இலவசம் இல்லை.
தனியார் சில சமயம் அதைவிட மலிவு.
ஏன் என்று விளக்கிய காணொளி நாற்பது நிமிடம்;
இருபதாவது நிமிடத்தில் மின்சாரம் போனது,
இன்றுவரை எனக்குப் பாதிதான் தெரியும்.
இரண்டு வருடம் ஓரிடத்தில் படித்துவிட்டு
இன்னோர் இடத்துக்கு மாறிக்கொள்ளலாமாம்.
சீன எல்லையில் ரயில் பெட்டியைத் தூக்கிச்
சக்கரம் மாற்றுவார்களே, அப்படி.
சில கிரெடிட் மட்டும் தண்டவாளத்தில் உட்காராது.

கிரெடிட் என்றால் கடன் என்கிறது அகராதி.
அங்கே அது படித்து முடித்த பாடம்.
"படித்தால் கடன் சேருமா, தீருமா?"
"இரண்டும்தான்" என்றாள் அஸ்ஜர்கல்,
மின்னெசோட்டாவில் மூன்றாம் ஆண்டு,
விடுதிச் சமையலறையில்
தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

ஆலோசகர் ஒரு கடிதம் எழுத வேண்டும்.
எங்கள் பள்ளியில் ஆலோசகர் என்று யாரும் இல்லை.
வேதியியல் ஆசிரியர் புரெவ்சுரேன் எழுதித் தந்தார்:
"தாமதமாக வந்ததே இல்லை."
நீல முத்திரை, இரண்டு முறை.
அவர்கள் முத்திரையைப் பார்ப்பதில்லை,
என்னைப் பற்றி ஒரு கதை கேட்பார்கள் என்றேன்.
யோசித்தார்.
நாற்பத்திரண்டு பேர் வகுப்பில்
என்னைப் பற்றி அவரிடம் இருந்த கதை அதுதான்.

நீ வென்ற ஒரு துன்பத்தைப் பற்றி எழுது,
அறுநூற்றைம்பது சொற்களுக்குள்.
இன்னும் வெல்லாததைப் பற்றி எழுதலாமா?
சன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை,
எதிர்க் கட்டடத்தின் நான்காம் மாடி வரை.
இருமலைப் பற்றி எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.

பிறகு அந்தக் கேள்வி: என்ன படிக்கப் போகிறாய்?
நீளமான பட்டியல். வானியல், வேளாண்மை,
பெயரைப் படித்தும் பிடிபடாத பல.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி:
இன்னும் முடிவு செய்யவில்லை.

மூன்று முறை படித்தேன்.
இங்கே அதைச் சொன்னால் பெரியம்மா தேநீரைக் கீழே வைத்துவிடுவாள்.
ஜூலையில் ஒரு நாள் வரிசையில் நிற்போம்,
மதிப்பெண் எங்களை எதுவாக்கியதோ
அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.
அண்ணன் அப்படித்தான் கால்நடை மருத்துவன்;
மாடு கிட்டே வந்தால் ஒதுங்கி நிற்பான்.
தெரியாது என்பதற்கும் ஒரு கட்டம் வரைந்து வைத்த நாடு!
அதற்காகவே அந்த நாட்டை எனக்குப் பிடித்துப்போனது,
ஏறக்குறைய ஒரு நிமிடம்.

அடுத்த பக்கம், பணம்.
உன் குடும்பம் எவ்வளவு தரும்?
டாலரில், முழு எண்ணில்.
அங்கே அந்தக் கட்டம் இல்லை.

"மொத்தத்துக்கா?"
"இல்லை அப்பா, ஒவ்வொரு வருடமும்."
இப்போது கையுறையைக் கழற்றினார்.
விரல்களில் எதையோ எண்ணினார்,
ஒரு தொகை சொன்னார்.
கூட்டாமல் குறைக்காமல் போட்டேன்.

கடைசி நாள்.
அங்கே இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு,
இங்கே பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு.
சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி
இரண்டு கடிகாரமும் ஒரே முகத்தோடு.
பொத்தானை அழுத்தினேன்.

திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன.
அப்பா எழுந்து வந்தார்.
"கிடைத்துவிட்டதா?"
"அனுப்பிவிட்டேன். அதற்கு இது."

"அனுப்பினதற்கேவா" என்றார்,
கடைசித் துண்டு விழும்வரை
பார்த்துக்கொண்டு நின்றார்.